கேமராப் பையும் நம்ம ஊர்ச் சாரலும்

போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் போலவே பென்ஷன்காரர். உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். துபாயில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு கேமராவும், பறவை எடுக்க நீளமான லென்ஸ் ஒன்றும், கூடவே ஒரு கறுப்புப் பையும் வாங்கி அனுப்பியிருந்தான். கேமராவை எனக்கு அரை நிமிடம் காட்டினார். பையைப் பத்து நிமிடம் காட்டினார். உள்ளே பஞ்சுத் தடுப்புகள், பிய்த்துப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். அடியில் ஒரு சின்ன அறைக்குள் மழைக்கோட்டு வேறு மடித்து வைத்திருந்தது. "தரையில போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று பையின் முதுகில் தட்டினார்.

"எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளேயேதான். பீரோவில் பூட்டி வச்சிடுறேன். பூச்சி வராம இருக்க அந்துருண்டை நாலு போட்டிருக்கேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காபி வந்தது, குடித்தேன், ருசி தெரியவில்லை. அவர் செய்திருப்பதை அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல், முப்பது வருடங்களுக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். நான் செய்ததைச் சொல்லிவிட்டு என் கட்சியைச் சொல்கிறேன்.

என் அப்பா புதுச்சேரியில் 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்து 1955-ல் திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று ஃபோக்கா என்ற பிரெஞ்சு கேமரா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்சில் விற்பனைக்கு வந்தது அது. அதன் லென்ஸுக்கு ஓப்லார் என்று பெயர். கேமராவின் மேல் பழுப்புத் தோலில் தைத்த உறை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். ஆனால் 'எத்துய்', அதாவது உறை, என்ற வார்த்தையை நான் வாத்தியாரிடம் கற்கவில்லை. "எத்துயில் போடு, எத்துயில் போடு" என்று அப்பா கத்திக் கத்திக் கற்றது. படம் எடுத்து முடித்ததும் மல் துணியால் லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டு, பித்தளைப் பொத்தானை 'டக்'கென்று அழுத்தினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியர்களானோம். 1966-ல் அவர் தவறினார். அம்மாவுக்கு ஊர் ராயப்பன்பட்டி. ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தக் கேமராவுமாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து இறங்கினோம். பிரெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் தமிழில் பரீட்சை எழுதித் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆனது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்த ஃபோக்காவில்தான் என் கல்யாணத்துக்கு மறுநாள் சுருளியில் என் வீட்டம்மாவை எடுத்தேன். மகளுக்குக் காது குத்தியது, மகன் தவழ்ந்தது, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முதல் நாள் வந்ததற்கு அம்மா கும்பிட்டது, எல்லாம் அதில்தான். பிறகு ஃபிலிம் விலை ஏறியது. வீட்டுக்கு ஹாட் ஷாட் கேமரா ஒன்று வந்தது. ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, 'கட்டாக்' என்று விளம்பரம் போடுவார்களே, அதுதான். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவின் கேமராவை நான் பத்திரப்படுத்தினேன். லென்ஸைத் துடைத்து, எத்துயில் போட்டு, பொத்தானை அழுத்தி, வீட்டம்மாவின் பட்டுப்புடவைக்கு நடுவே வைத்து, அந்துருண்டை போட்டு, பீரோவைப் பூட்டினேன். சாமி நகைக்குக்கூட நான் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

ஓய்வு பெற்ற வருடம், 2007-ல், வெளியே எடுத்தேன். உறையின் தோலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அதைத் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை கட்டியது போல இழை இழையாக ஓடியிருந்தது. மதுரையில் கேமரா பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடிகளைப் பிரித்துக் கழுவிவிட்டுக் கூப்பிட்டார். "பூஞ்சை போயிடுச்சுங்க. ஆனா அது தின்ன தடம் போகாது" என்றார். கண்ணாடியின் மேல் வளரும் பூஞ்சை ஒருவித அமிலத்தைக் கக்குகிறது. அது முதலில் கண்ணாடியின் மேல்பூச்சையும் பிறகு கண்ணாடியையுமே அரித்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவர் கூலிகூட வாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆண்டிப்பட்டிக் கணவாய் வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், என் உத்தியோகத்தில் பாதிக் காலம் பதிவறையில்தான் கழிந்தது. அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம் என்று ஒரு தாலுகாவின் நிலம் பூராவும் என் கையில் துணிக்கட்டாகக் கிடந்தது. கட்டுகளைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் சுற்றக் கூடாது, வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்து பிரித்து ஆறவிட வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்த பதிவறை எழுத்தர் சொல்லிக் கொடுத்திருந்தார். நூறு வருடக் காகிதத்துக்குத் தெரிந்து செய்ததை அப்பாவின் கேமராவுக்குச் செய்யத் தோன்றவில்லை. அது விலை உயர்ந்த பொருள், அதனால் மூடித்தான் வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

என் கட்சி இதுதான். கேமராப் பை வாங்கும்போது எல்லோரும் கீழே விழுவதற்கும், மழைக்கும், திருட்டுக்கும் பயந்து வாங்குகிறோம். மூன்றும் நியாயமான பயம். ஆனால் நம் பள்ளத்தாக்கில் கேமராவைக் கொல்வது பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஈரம். பை என்பது தெருவில் நடக்கும் நேரத்துக்கு. வீடு திரும்பியதும் கேமரா அதிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். வாங்கும்போதே இந்த இரண்டையும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு வாங்கினால் பாதிச் செலவு மிச்சம்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தேனி ஜில்லா என்றால் மதுரைப் பக்கத்து வெயில்தானே என்பார்கள். ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கினால் கூடலூரில் துவைத்துப் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை. உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது, தீப்பெட்டி நமத்துப்போகிறது. லென்ஸ் செய்வதில் பேர் போன ஜெர்மன் கம்பெனி ஸைஸ், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் மூன்று நாளைக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்குப் போதும் என்கிறது. கூட வேண்டியவை: இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தூசி, துணி நூல், விரல் பிசுக்கு. பஞ்சு வைத்து, துணி தைத்து, ஜிப் போட்டு மூடி, பீரோவுக்குள் தள்ளிய பை இந்த எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. தோல் உறை இன்னும் மோசம். தோலே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குத் தீனியும் அதுவே. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அக்ஃபா கிளிக் III அந்தத் தோல் கூட்டோடு பரணில் கிடக்கிறதோ! இன்றைக்கே இறக்கி, கூட்டை வேறாகவும் கேமராவை வேறாகவும் வையுங்கள்.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது பூச்சிக்குத்தான் எமன், பூஞ்சைக்கு இல்லை. நிக்கான் கம்பெனி தன் கேமராவோடு தரும் கையேட்டிலேயே, நாஃப்தலீன் உருண்டை, கற்பூரம் இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள் என்று அச்சடித்திருக்கிறது. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு தடவை 'கிளிக்' பண்ணிப் பாருங்கள் என்றும் அதே கையேட்டில் இருக்கிறது. நம் ஆட்கள் கேமரா வந்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், கையேட்டைப் படிக்க மாட்டார்கள்.

அப்படியானால் வீட்டில் எதில் வைப்பது? காசு இருந்தால் மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி கடையில் கிடைக்கிறது. சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். என் மகன் வாங்கித் தருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். நான் வைத்திருப்பது ரப்பர் விளிம்பு வைத்து நாலு பக்கமும் கொக்கி போடும் பிளாஸ்டிக் டப்பா. முறுக்கு, அதிரசம் போட்டு வைக்க வாங்குகிறோமே, அதில் பெரிய அளவு. உள்ளே துணிப்பொட்டலத்தில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் குட்டிக் கடிகாரம் ஒன்று. ஈரம் குடித்ததும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள், உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறுவதே மேல். மாறிவிட்டால் ஒரு பழைய வாணலியில் போட்டு இளந்தீயில் வறட்டினால் பழைய நிறம் திரும்பும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு வாணலியைப் பறிகொடுத்த கோபம் இன்னும் ஆறவில்லை. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 30-க்குக் கீழே போகவும் விடக்கூடாது, ரொம்ப உலர்ந்தாலும் கேமராவுக்கு ஆகாதாம். சிலர் சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்கிறார்கள். அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள். அது ஈரத்தை இழுக்கிற லட்சணம் போதாது, தவிடும் தூசியும்தான் மிச்சம்.

இனிமேல் பைக்கு வருகிறேன்.

என் மகனும் நானும் ஒத்துப்போகாத இடம் இது. அவன் கட்சி கெட்டிப் பெட்டி. பெலிக்கன் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி, 1976-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் வைத்துத் தண்ணீரே புகாமல் பெட்டி செய்கிறார்கள். அதில் ஒரு சின்ன வால்வு உண்டு. அது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் போடிமெட்டு ஏறுவதற்குள் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, பாக்கெட்டுக்குள் இருப்பது கீழ்க்காற்று. பெட்டிக்கு இதன் தலைகீழ். மலை உச்சியில் மூடிய பெட்டியைக் கீழே இறக்கினால் வெளிக்காற்று அழுத்தி, மூடி திறக்க வராமல் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தைச் சமன் செய்யத்தான் அந்த வால்வு. அருமையான வேலைப்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்கிற அளவுப் பெட்டியே காலியாக ஆறு கிலோ. நம் பக்கம் சினிமாப் படப்பிடிப்புக்கு வருகிறவர்களிடம் அலுமினியப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்க அவர்களுக்கு ஆள் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற ஸ்டூடியோத் தம்பிகளுக்கும் சரிதான், அவர்களுக்கு வேன் இருக்கிறது. எனக்கு இருப்பது முழங்கால் வலியும் டவுன் பஸ்ஸும்.

முதுகில் மாட்டும் பெரிய பையும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் கழற்றி, கீழே வைத்து, குனிந்து, ஜிப்பைத் திறந்து, நிமிர வேண்டும். அதற்குள் மேகமலை இருவாச்சி கேரளாவுக்கே போய்விடும். இன்னொன்றும் உண்டு. பை எவ்வளவு பெரிதோ அவ்வளவும் நிரப்பத் தோன்றும். அடைக்கிற சுமையை எல்லாம் அடைத்துக்கொண்டு ஒருமுறை ஹைவேவிஸ் போய்வந்து, மறுநாள் பூராவும் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

பெயர் பெற்ற பைகள் சிலவற்றின் கதையைப் படித்தபோது எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. பில்லிங்ஹாம் என்பது இங்கிலாந்தில் மிகவும் விலை கூடிய கேமராப் பை. அவர்கள் 1973-ல் தொழில் தொடங்கியபோது தைத்தது தூண்டில்காரர்களுக்கான மீன்பிடிப் பை. அதை நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்ததாம். டோம்கே என்று இன்னொன்று. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு செய்தித்தாளின் புகைப்படக்காரரான ஜிம் டோம்கே தன் சௌகரியத்துக்காக உருவாக்கிய கான்வாஸ் பை. உள்ளே மெத்தை அதிகம் கிடையாது. உடம்போடு ஒட்டி நிற்கும், ஒரே கையால் திறக்கலாம், பார்த்தால் கேமராப் பை என்று தெரியாது. நாள் முழுக்கக் கேமரா தூக்கியவர்கள் தேர்ந்தெடுத்தது இப்படிப்பட்டவற்றைத்தான். மீன் பை கேமராப் பை ஆகலாம் என்றால் காய்கறிப் பை ஆகக் கூடாதா?

கம்பத்தில் பைக்கு ஜிப் மாற்றித் தரும் ஒருவரிடம் போனேன். கெட்டிக் கான்வாஸில் தோள்பை ஒன்று, அதற்குள் செருகி எடுக்கும்படியாக மெத்தைக் கூடு ஒன்று, கேமராவுக்கு ஒரு அறை, லென்ஸுக்கு ஒரு அறை, அவ்வளவுதான் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சார், பச்சப்புள்ளைக்குத் தொட்டி கெட்டச் சொல்றீக?"

யோகா பண்ண விரிப்பார்களே, அந்த ரப்பர் பாயை வெட்டி நடுவில் வைத்து, உள்பக்கம் மழமழப்பான துணி போட்டுத் தைத்தார். நூல் பிரியாத துணியாகத்தான் வேண்டும் என்று மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். தோள்பட்டையை இரண்டு அங்குல அகலத்துக்கு வைக்கச் சொன்னேன்; பட்டை மெலிந்தால் கழுத்தை அறுக்கும். அடியில் ரெக்ஸின், பஸ்ஸின் ஈரத் தரையில் வைக்க. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மடித்துப் பக்கப் பையில் கிடக்கிறது. மெத்தைக் கூட்டைத் தனியாக உருவி வெயிலில் காயப்போடலாம். இது எந்தக் கம்பெனிப் பையிலும் எனக்குச் சுலபமாக வாய்க்கவில்லை. பிரெஞ்சில் பைக்கு 'சாக்' என்று பெயர். பை வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் வீட்டம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர் சாக்குதான் இது, சந்தேகமில்லே" என்றாள். பரவாயில்லை. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினேன், ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிப் பெயர் பெரிதாகத் தைத்த பையோடு போயிருந்தால் அப்படி இருந்திருக்குமா?

ஏ.சி. பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். ஏ.சி. அறையிலோ காரிலோ இருந்து கேமராவை நேரே சுருளி அருவிப் பக்கம் எடுத்தால் கண்ணாடி பூராவும் பனி மூடிக்கொள்ளும். துடைக்காதீர்கள். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, சூடு சமமான பிறகு திறங்கள். மெத்தைப் பைக்கு நான் மனமாரப் பாராட்டுச் சொல்லும் ஒரே இடம் இது. அருவியில் நனைந்த பையோடு வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, முகம் கழுவுவதற்கும் முன்னால், கேமராவை வெளியே எடுப்பது.

தலைமையாசிரியரிடம் அன்றைக்கே இதையெல்லாம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. மகன் அவ்வளவு ஆசையாக அனுப்பிய பை. "பையைக் குறை சொல்லவில்லை சார், நல்ல பைதான். அதில் வைத்துப் பூட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்" என்றேன். பாதி மனதோடு தலையாட்டினார். நான் வீட்டுக்கு வந்து அப்பாவின் ஓப்லார் லென்ஸை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுநாள் மறுபடி போனேன். ஜன்னல் பக்கம் நிறுத்தி அவர் கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூப்பிட்டு, கடைக்குப் போய்க் கொக்கி வைத்த டப்பா ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

நேற்று காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன். "சார், முள்ளு எழுபத்திரெண்டுல நிக்குது. அந்த மணி எல்லாம் பச்சையாயிடுச்சு. இப்ப என்ன செய்ய?"

"பழைய வாணலி இருக்கா?" என்றேன்.